ஏர் ரைஃபிள், பாயின்ட் டூ டூ: குரூப் கட்டி சீரோ பண்றது எப்படி, முழுமையான வழிகாட்டி

மன்னார்குடி பக்கத்துலேருந்து திருச்சிக்கு பஸ் ஏறிப் போய் சுடக் கத்துக்கிட்டவன் நான். இப்ப சனி ஞாயிறுல ரேஞ்சுக்கு, அதாவது சுடப் பழகற இடத்துக்கு, புதுசா வர்ற பசங்க பக்கத்துல நின்னு பாத்துக்கற வேலையும் சேந்துருச்சு. வர்றவங்க முக்காவாசிப் பேர் பண்ற தப்பு ஒண்ணேதான். முதல் குண்டு கீழ போகும், உடனே குறி பாக்கற சைட்டோட திருகாணியைத் திருப்புவாங்க, அடுத்த குண்டு வலது பக்கம் போகும், மறுபடி திருப்புவாங்க, சாயங்காலம் ஒரு டப்பா பெல்லட் (ஏர் ரைஃபிள்ல போடற ஈயக் குண்டு) காலி ஆனப்புறம் "துப்பாக்கி சரியில்லண்ணே"ன்னு சொல்லுவாங்க. துப்பாக்கி சரியாத்தான் இருக்கு, வரிசைதான் தப்பு. குண்டெல்லாம் ஒரே இடத்துல கூட்டமா விழ வெச்சப்புறம்தான் அந்தக் கூட்டத்தை நடுவுக்கு நகர்த்தணும். கூட்டமா விழறது குரூப், நடுவுக்கு நகர்த்தறது சீரோ. கீழ இருக்கற படிகளை இதே வரிசையில போங்க, நடுவுல ஒண்ணைத் தாண்டினா அடுத்தது நிக்காது.

1. எந்த பாயின்ட் டூ டூன்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க

பாயின்ட் டூ டூன்னா .22 அங்குலம், குழாயோட அகலம். இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, வர்ற பசங்கள்ல பாதிப் பேர் மொபைல்ல வெளிநாட்டுக்காரன் சின்ன ரைஃபிளால மான் அடிக்கறதைப் பாத்துட்டுதான் வர்றாங்க. "அண்ணே, அவன் பாயின்ட் டூ டூலயே அவ்ளோ பெரிய மானை சாய்க்கறான், அப்ப நம்ம கொல்லையில வர்ற பன்னிக்கு பத்தாதா"ன்னு கேப்பாங்க.

பத்தாது தம்பி. குண்டோட அகலம் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தாலும் அது வேற ஜாதி, இது வேற ஜாதி.

கிளப்புல நாம சுடறது பாயின்ட் டூ டூ லாங் ரைஃபிள், ரிம்ஃபயர். தோட்டாவோட அடி விளிம்புல மருந்து இருக்கும், ஊசி அந்த விளிம்புல அடிக்கும். குண்டு 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம். வேகம் நொடிக்கு 330 மீட்டர் சுமாருக்கு, சக்தி 140 ஜூல் வாக்குல. வீடியோவுல அவன் வெச்சிருக்கறது பெரும்பாலும் .223 மாதிரி சென்டர்ஃபயர், அதுல ஊசி தோட்டா அடியோட நடுவுல அடிக்கும். குண்டு 55 கிரெயின்தான், ஆனா பின்னாடி நீளமான பித்தளைக் கூடு, அது நிறைய மருந்து, அதனால வேகம் நொடிக்கு 980 மீட்டர் பக்கம் போகும், சக்தி 1,700 ஜூல். வேகம் மூணு மடங்கு ஆனா சக்தி ஒம்பது மடங்கு ஆகும், அதோட எடையும் கூட, ஆக நம்மளோடதை விட பன்னெண்டு மடங்கு. நம்ம பத்து மீட்டர் மேட்ச், அதாவது போட்டி ஏர் ரைஃபிளுக்கு வெறும் 8 ஜூல்தான்.

இன்னொண்ணையும் பாருங்க. மான் வேட்டைக்கு சட்டப்படி வழி இருக்கற இங்கிலாந்துலயே 1991ஆம் வருஷத்து மான் சட்டப்படி பெரிய மானுக்கு .240 அங்குலத்துக்கு குறைஞ்ச ரைஃபிளோ 1,700 அடி-பவுண்டு, அதாவது 2,300 ஜூலுக்கு குறைஞ்ச சக்தியோ கூடாது. அந்த .223கூட அங்க பெரிய மானுக்கு செல்லாது. காரணம் லேசானதுதான். சின்ன குண்டு தோலைக் கிழிச்சு உள்ள போகும், ஆனா நெஞ்சுக்கூடு வரைக்கும் போய் சேதம் பண்ற அளவுக்கு எடையும் வேகமும் மிச்சம் இருக்காது. ஆண் பன்னிக்கு தோள்பட்டை மேல கெட்டியா ஒரு கவசம் மாதிரி தடிப்பு வேற இருக்கு. அடிபட்டது அங்கேயே விழாது, கருவக்காட்டுக்குள்ள புகுந்து நாள் கணக்கா துடிச்சு சாகும், இல்லன்னா திரும்பி உங்க மேலயே பாயும்.

நம்ம நாட்டுல இந்தக் கேள்விக்கே இடமில்ல. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை பண்ணிருக்கு. கோடியக்கரை வெளிமானும் வயல்ல மேயற மயிலும் முதல் அட்டவணையில இருக்கு, தொட்டா மூணு வருஷத்துலேருந்து ஏழு வருஷம் வரைக்கும் உள்ள. வடுவூர் ஏரிக்கு வர்ற பறவை மேல ஏர் கன்னை நீட்டினாலும் அது வேட்டைதான், "வெறும் ஏர் கன்தானே சார்"னு சொல்லித் தப்பிக்க முடியாது. பன்னி நெல்லை மிதிச்சு நாசம் பண்ணுச்சுன்னா வனத்துறைக்கு எழுதிக் குடுங்க. இனிமே இந்த வழிகாட்டில குறின்னு சொன்னா அது காகிதம் மட்டும்தான்.

2. காகித வேலை

ஏர் ரைஃபிள்ல .177 குழாய், அதாவது 4.5 மில்லி, சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா லைசென்ஸ் வேண்டாம். ரெண்டுல எதைத் தாண்டினாலும் லைசென்ஸ் வேணும். அதனால ஆன்லைன்ல பாயின்ட் டூ டூ குழாய் ஏர் கன் யாராச்சும் காட்டினா ஆசைப்படாதீங்க. கடையில பில்லு கண்டிப்பா வாங்குங்க, அடையாள அட்டை நகல் கேப்பாங்க, குடுங்க. அந்த பில்லை போட்டோ எடுத்து மொபைல்ல வெச்சுக்கங்க. தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுல நீளமான பையோட நிக்கற ஆளை போலீஸ் கேக்காம இருக்க மாட்டாங்க, கேக்கறதும் நியாயம்தான்.

பாயின்ட் டூ டூ ரிம்ஃபயர் அப்படி இல்ல, அது முழு துப்பாக்கி. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தோட 13ஆம் பிரிவுலயே, அங்கீகாரம் உள்ள ரைஃபிள் கிளப்போட மெம்பர் குறி பாத்து பழகறதுக்கு பாயின்ட் டூ டூ ரைஃபிள் லைசென்ஸ் கேக்கலாம்னு தனியா சொல்லிருக்கு. அதனால வரிசை என்னன்னா, முதல்ல கிளப் மெம்பர் ஆகணும், கிளப் ரைஃபிள்ல கோச் பக்கத்துல வெச்சு பழகணும், சொந்தமா வாங்கற யோசனை அப்புறம். 21 வயசு முடியாதவங்க அவங்க பேர்ல சாதாரண துப்பாக்கி லைசென்ஸ் எடுக்க முடியாது. தாத்தா காலத்து நாட்டுத்துப்பாக்கி பரண்ல கெடக்கு, அதுல பழகிக்கறேன்னு ஒரு தம்பி வந்தான். லைசென்ஸ் இருந்தவர் செத்துப் போயிட்டா அந்தத் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர்ட்டயோ ஒப்படைச்சுட்டுத்தான் வாரிசு பேருக்கு கேக்கணும், பரண்ல வெச்சிருக்கறதே குத்தம்னு சொன்னதும் பையன் முகம் வெளுத்துருச்சு.

3. சுடற இடம்

டெல்டாக்காரங்க இதை நல்லா கவனிங்க. நம்ம ஊர் தட்டை. மலை இல்ல, குன்னு இல்ல, ஒரு மேடுகூட ஒழுங்கா கிடையாது. வரப்பு குண்டை நிறுத்தாது. பாயின்ட் டூ டூ குண்டு ஒண்ணரை கிலோமீட்டர் வரைக்கும் போகும், அதுக்குள்ள ஒரு தெரு, ஒரு பள்ளிக்கூடம், நாத்து நடற ஆளுங்கன்னு எல்லாம் வந்துரும். அதோட சம்பா சமயத்துல வயலெல்லாம் தண்ணி. தண்ணி குண்டை முழுங்கிரும்னு நெனைக்கறாங்க, சாய்வா விழுந்த குண்டு தண்ணி மேல பட்டு தவளைக்கல் மாதிரி எகிறும். எந்தப் பக்கம் திரும்பும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனால பாயின்ட் டூ டூ ரேஞ்சுக்கு வெளிய கிடையாதுன்னா கிடையாது.

ஏர் ரைஃபிளை வீட்டுல பழகலாம். பத்து மீட்டர்னா முப்பத்தி மூணு அடி, நம்ம ஊர் பழைய வீட்டுல திண்ணையிலேருந்து கொல்லைக்கதவு வரைக்கும் அளந்தா அதுக்கு மேலயே வரும். ஆனா சுடற கோட்டுக்குக் குறுக்க ஒரு கதவும் இருக்கக் கூடாது. இருந்தா உள்ளேருந்து தாழ்ப்பாள் போட்டுருங்க, பாட்டி காப்பி டம்ளரோட வந்து நிப்பாங்க. குறிக்குப் பின்னாடி இரும்புத்தகடு வெச்ச பெல்லட் பெட்டி இருந்தா நல்லது, இல்லன்னா அட்டைப்பெட்டி முழுக்க பழைய பேப்பரை இறுக்கிக் கட்டி அரை அடி கனத்துக்கு வெச்சு, அதுக்கும் பின்னாடி செங்கல் சுவர் இருக்கற மாதிரி பாத்துக்கங்க. தென்னைமரத்துல காகிதத்தைக் குத்தி சுடாதீங்க, உருண்டை மரத்துல ஓரமா பட்ட பெல்லட் தெறிச்சு பக்கத்து வீட்டு ஓட்டுக்குப் போகும்.

4. கையில இருக்க வேண்டியது

பெரிய லிஸ்ட் இல்ல. ஒரே பிராண்ட், ஒரே டப்பாவுல வந்த பெல்லட். பத்து இருபது குறி அட்டை. மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்கேல். நோட்டு, பேனா. துப்பாக்கித் திருகாணிக்கு பொருந்தற ஸ்க்ரூ டிரைவரோ எல் கீயோ. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பாயின்ட் டூ டூக்கு காதடைப்பான்.

அப்புறம் தாங்கு மூட்டை. முழுக்க மணல் வேண்டாம், நம்ம ஊர்ல ஆத்து மணல் இப்ப தங்கம் மாதிரி, அது வேற கதை. பழைய பேன்ட் காலை வெட்டி ரெண்டு பக்கமும் தெச்சு, அடியில கொஞ்சம் மணல், மேல உமி நிரப்புங்க. மில்லுல உமி சும்மாவே குடுப்பாங்க. கீழ கனம் இருந்தா நகராது, மேல உமி இருந்தா ஸ்டாக், அதாவது துப்பாக்கியோட கட்டை, பள்ளம் பண்ணி உக்காரும். முழுக்க உமி போட்டா குலுங்கிக்கிட்டே இருக்கும்.

சுடறதுக்கு முன்னாடி எல்லாத் திருகாணியும் இறுக்கமா இருக்கான்னு பாருங்க, முக்கியமா ஸ்டாக்கையும் குழாயையும் சேக்கற திருகாணி, ஸ்கோப் (தொலைநோக்கி சைட்) இருந்தா அதோட வளையம். ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிள் ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னும் ரெண்டு உதை உதைக்கும், அதுல திருகாணி தானா தளரும். ஸ்கோப்பும் ஏர் கன்னுக்குன்னு சொல்லி வித்ததா இருக்கணும், சாதா ஸ்கோப் அந்த ரெட்டை உதையில உள்ள உடைஞ்சுரும். ஒருத்தன் மூணு வாரம் தன் மூச்சையும் விரலையும் திட்டிக்கிட்டு இருந்தான், கடைசில பாத்தா முன் திருகாணி விரலாலயே சுத்துது.

5. முதல் நாள் கை பழக்கம்

குழாய் வாய் எப்பவும் குறிப் பக்கம். விரல் ட்ரிகருக்கு வெளிய, சைட்ல குறி தெரிஞ்சப்புறம்தான் உள்ள. சுடாத நேரத்துல துப்பாக்கியோட அறையில, அதாவது குண்டு உக்கார்ற இடத்துல, பாதுகாப்புக் கொடி செருகி இருக்கணும், அந்தக் கலர் நூலோ பிளாஸ்டிக் குச்சியோ தெரிஞ்சாத்தான் பக்கத்துல இருக்கறவனுக்கு நிம்மதி. ரேஞ்சுல ஸ்டாப்னு சத்தம் வந்தா அரைவாசி அழுத்தின ட்ரிகரையும் விட்டுரணும், இத ஒண்ணு மட்டும் முடிச்சுக்கறேன்ங்கறதே கிடையாது.

காலி துப்பாக்கிய, குண்டு போடாம ட்ரிகரை அழுத்தி, சும்மா தட்டிப் பாக்கற பழக்கம் நெறைய பேருக்கு இருக்கு. பாயின்ட் டூ டூ ரிம்ஃபயர்ல அப்படித் தட்டினா ஊசி நேரா அறையோட விளிம்புல அடிச்சு அத நசுக்கிரும், அப்புறம் கூடு சிக்கும். ஸ்ப்ரிங் ஏர் கன்ல பெல்லட் இல்லாம விட்டா காத்து மெத்தை இல்லாம பிஸ்டன் போய் மோதும், சீல் போயிரும். மேட்ச் ஏர் ரைஃபிள்ல அதுக்குன்னே தனி வசதி இருக்கும், அதுல மட்டும் தட்டிப் பழகுங்க.

பெல்லட் ஈயம். தொட்ட கையால போண்டா சாப்பிடாதீங்க, சோப்பு போட்டுக் கழுவிட்டு டீக்கடைக்குப் போங்க. பெல்லட்டை வாயில வெச்சுக்கற பசங்களைப் பாத்தா எனக்கு அடிக்கணும் போல வரும்.

6. எந்தக் கண்ணு

ரெண்டு கையையும் நீட்டி, கட்டைவிரல் இடுக்குல சின்ன ஓட்டை பண்ணி, தூரத்துல இருக்கற சுவர்க் கடிகாரத்தை அதுக்குள்ள பாருங்க. ஒரு கண்ணை மூடுங்க. கடிகாரம் அப்படியே இருந்தா தொறந்திருக்கற கண்ணுதான் உங்க ஆளுமைக் கண்ணு, மூளை அதிகமா நம்பற கண்ணு, ஓடிப் போச்சுன்னா மூடின கண்ணு.

கும்பகோணத்துலேருந்து வர்ற ஒரு பொண்ணு, வலது கைக்காரி, ரெண்டு மாசமா குண்டெல்லாம் இடது பக்கம் சிதறுது. இந்த சோதனையை யாருமே பண்ணச் சொல்லல. பாத்தா இடது கண்ணு. புதுசா ஆரம்பிக்கறவங்கன்னா இடது தோளுக்கு மாறிக்கறதே நல்லது, கை பழகிக்கும், கண்ணு பழகாது. ரொம்ப நாள் பழகிட்டீங்கன்னா இடது கண்ணு முன்னாடி வெள்ளை அட்டைத் துண்டு ஒண்ணு தொங்கவிடுங்க. கண்ணை இறுக்கி மூட வேண்டாம், ஒரு கண்ணை இறுக்கினா மத்த கண்ணும் சேந்து சோர்ந்துரும். அந்தப் பொண்ணு மாறிக்கிட்டா, ஒரு மாசம் அழுதுகிட்டே சுட்டா, இப்ப எங்களையெல்லாம் தாண்டிட்டா.

7. உடம்பை உக்கார வைக்கறது

ஆரம்பத்துல நின்னு சுடாதீங்க. மேசை போட்டு உக்காந்து, மூட்டை மேல வெச்சு சுடுங்க. காரணம், உங்க தப்பு எது துப்பாக்கி தப்பு எதுன்னு பிரிச்சுப் பாக்கணும்னா உங்க ஆட்டத்தைக் குறைக்கணும்.

மூட்டை மேல ஸ்டாக்கோட முன்பகுதி உக்காரணும். குழாய் மூட்டையைத் தொடவே கூடாது, தொட்டா குண்டு போற நேரத்துல குழாய் அதிர்றது ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி ஆகும். ஸ்ப்ரிங் ஏர் கன்னா இன்னும் ஒரு படி இருக்கு: மூட்டை மேல உங்க உள்ளங்கையை விரிச்சு வெச்சு, அதுமேல ஸ்டாக்கை லேசா கிடத்துங்க, பிடிக்காதீங்க. பெல்லட் குழாயை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே அந்தத் துப்பாக்கி அசைய ஆரம்பிச்சுரும், இறுக்கிப் பிடிச்சா அந்த அசைவு உங்க பிடியைப் பொறுத்து மாறும். தொட்டில் கொழந்தையைத் தாங்கற மாதிரி தாங்கினா அசைவு எப்பவும் ஒரே மாதிரி இருக்கும்.

இப்ப குறி வெச்சுக்கிட்டு கண்ணை மூடுங்க. ரெண்டு மூச்சு விடுங்க. கண்ணைத் தொறங்க. சைட் குறியை விட்டு இடது பக்கம் போயிருந்தா உங்க உடம்பு அங்கதான் போக ஆசைப்படுது. அதைக் கையால இழுத்துக் கொண்டாந்து வைக்காதீங்க, சுடற நொடியில கை தளரும், குண்டு பழைய இடத்துக்கே போகும். நாற்காலியை நகர்த்துங்க, மூட்டையை நகர்த்துங்க, மறுபடி கண்ணை மூடித் தொறங்க. இதுக்கு மட்டும் பத்து நிமிஷம் ஆனாலும் பரவால்ல.

8. பார்வை, மூச்சு, விரல்

ஓட்டை சைட்டா இருந்தா பின் ஓட்டைக்குள்ள முன் வளையம், முன் வளையத்துக்குள்ள கறுப்பு வட்டம், எல்லாத்தையும் சுத்தி வெளிச்சம் சமமா இருக்கணும். கண்ணு தெளிவா பாக்க வேண்டியது முன் வளையத்தை. குறி கொஞ்சம் மங்கலாத் தெரியும், தெரியட்டும். பத்து மீட்டர் குறியில பத்துங்கறது அரை மில்லி புள்ளி, அது உங்களுக்குத் தெரியவே தெரியாது, தேடாதீங்க. கறுப்பு வட்டம் 30.5 மில்லி, அது நடுவுல நின்னா போதும்.

மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்துங்க. ஆறிலிருந்து எட்டு நொடிக்குள்ள சுடணும். அதுக்கு மேல போனா கண்ணு பொய் சொல்ல ஆரம்பிக்கும், பழைய படத்தையே மூளை காட்டிக்கிட்டு இருக்கும். நேரம் தாண்டிருச்சுன்னா துப்பாக்கியை இறக்கிட்டு திரும்ப ஆரம்பிங்க. இறக்கி வைக்கறதுக்கு வெக்கப்படற ஆளு நல்லா சுட மாட்டான்.

விரல் நுனியால ட்ரிகரை நேரா பின்னாடி மெதுவா அழுத்துங்க, வெடிக்கறது உங்களுக்கே திடீர்னு இருக்கணும். வெடிச்சப்புறம் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுற வரைக்கும் அப்படியே இருங்க. ஏர் ரைஃபிள் பெல்லட் மெதுவாப் போறது, எங்க பட்டுச்சுன்னு பாக்க நீங்க அவசரப்பட்டு தலையைத் தூக்கினா, அது குழாய்க்குள்ள இருக்கறப்பவே துப்பாக்கி அசைஞ்சுரும்.

9. குரூப்: இங்கதான் பொறுமை வேணும்

ஒரு அட்டையில அஞ்சு குண்டு. அஞ்சுக்கும் ஒரே இடத்துலதான் குறி. முதல் குண்டு கறுப்புக்கு வெளிய போனாலும் குறியை மாத்தாதீங்க, திருகாணியைத் தொடாதீங்க. குண்டு எங்க விழுதுங்கறது இப்ப முக்கியமே இல்ல, ஒண்ணுக்கு ஒண்ணு எவ்வளவு பக்கத்துல விழுதுங்கறது மட்டும்தான் கணக்கு.

மூணு குண்டு போதாதான்னு கேப்பாங்க. போதாது, மூணு குண்டு அதிர்ஷ்டத்துலகூட பக்கத்துல விழும். அஞ்சஞ்சா நாலு அட்டை சுட்டு நாலையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாதான் நிஜம் தெரியும். அளக்கறது எப்படின்னா, ரொம்பத் தள்ளி இருக்கற ரெண்டு ஓட்டையோட நடுவுக்கு நடு ஸ்கேலை வெச்சு அளந்து நோட்டுல எழுதுங்க. ஒரு குண்டு மட்டும் தனியா ஓடிருந்தா, சுடறப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா மட்டும் "விரல் இழுத்துட்டேன்"னு எழுதுங்க, பாத்தப்புறம் காரணம் கண்டுபிடிக்காதீங்க.

சிதறல் எந்தப் பக்கம்னு பாத்தா தப்பு எதுன்னு ஓரளவு சொல்லிரலாம். மேலும் கீழுமா நீளமா விழுந்தா பெரும்பாலும் மூச்சு, இல்லன்னா கன்னம் ஸ்டாக்ல ஒவ்வொரு தடவையும் வேற இடத்துல உக்காருது. பக்கவாட்டுல விழுந்தா விரல், இல்லன்னா நாற்காலி சரியா வைக்கல. ரெண்டு தனித்தனிக் கூட்டமா விழுந்தா எங்கேயோ ஒரு திருகாணி தளர்ந்திருக்கு. ஒழுங்கே இல்லாம எல்லாப் பக்கமும்னா குண்டை மாத்திப் பாருங்க.

நான் முதல் வருஷம் இந்தப் படியைத் தாண்டிட்டேன். ஒவ்வொரு குண்டுக்கும் க்ளிக் (சைட் திருகாணி நகர்ற ஒரு சின்ன படி) திருப்பினேன். அப்பல்லாம் எனக்கு குரூப் இருபது மில்லி சிதறும், அந்த இருபது மில்லிக்குள்ள எங்க விழுந்தாலும் அது தற்செயல், அந்தத் தற்செயலைத் துரத்தி துரத்தி நானே சிதறலை ரெண்டு மடங்கு ஆக்கிட்டேன். பெரியவர் ஒருத்தர் வந்து சைட் மேல இன்சுலேஷன் டேப் சுத்திட்டுப் போனார். ரெண்டு வாரம் அதைப் பிரிக்கக் கூடாதுன்னார். ரெண்டு வாரத்துல குரூப் பாதியா குறைஞ்சுது. இப்ப நானும் டேப் ஒரு உருளை பையிலயே வெச்சிருக்கேன்.

பத்து மீட்டர்ல மூட்டை மேல வெச்சு நாலு அட்டையும் பத்து பைசா நாணயத்துக்குள்ள அடங்குதுன்னா அடுத்த படிக்குப் போங்க. பத்து பைசா எங்கண்ணே இப்ப இருக்குன்னு ஒருத்தன் கேட்டான், சரி, சட்டைப் பட்டன்னு வெச்சுக்கங்க.

10. சீரோ

இப்பதான் டேப்பைப் பிரிக்கறோம்.

கூட்டத்தோட நடுவைக் கண்ணால குத்துமதிப்பா புள்ளி வைங்க. அங்கேருந்து குறியோட நடுவுக்கு கீழ மேல எத்தனை மில்லி, பக்கவாட்டுல எத்தனை மில்லின்னு தனித்தனியா அளங்க.

ஸ்கோப்ல பெரும்பாலும் கால் மினிட் க்ளிக்னு போட்டிருக்கும். மினிட்ங்கறது கோண அளவு, ஒரு டிகிரில அறுபதுல ஒரு பங்கு, ஒரு மினிட் நூறு மீட்டர்ல 29 மில்லி. அப்ப கால் மினிட் நூறு மீட்டர்ல 7.3 மில்லி, அம்பதுல 3.6, பத்துல 0.73. அம்பது மீட்டர்ல கூட்டம் 22 மில்லி கீழ, 15 மில்லி வலதுன்னு வெச்சுக்கங்க. 22ஐ 3.6ஆல வகுத்தா ஆறு, மேல ஆறு க்ளிக். 15ஐ வகுத்தா நாலு, இடது நாலு க்ளிக். அவ்வளவுதான் கணக்கு. பத்து மீட்டருக்கு அதே க்ளிக் ரொம்பச் சின்ன நகர்வு, அதனால "திருப்பினேன், ஒண்ணும் ஆகலயே"ன்னு இன்னும் இன்னும் திருப்பாதீங்க, கணக்கு போட்டுத் திருப்புங்க.

ஓட்டை சைட்ல ஒரு க்ளிக்குக்கு எவ்வளவுன்னு தெரியலன்னா நீங்களே அளந்துக்கலாம். ஒரு குரூப் சுடுங்க, இருபது க்ளிக் ஒரே பக்கம் திருப்புங்க, பழைய இடத்துலயே குறி வெச்சு இன்னொரு குரூப் சுடுங்க. ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல இருக்கற தூரத்தை இருபதால வகுத்தா வந்துருச்சு. நோட்டோட முதல் பக்கத்துல எழுதி வைங்க.

பின் சைட்டை குண்டு எங்க போகணுமோ அந்தப் பக்கம் நகர்த்தணும், முன் சைட்டை நகர்த்தற மாதிரி இருந்தா அதுக்கு எதிர்ப்பக்கம். ஜெர்மன் சைட்கள்ல ஒரு பொறி இருக்கு. அதுல போட்டிருக்கற எழுத்து "குண்டு எங்க பட்டுச்சு"ங்கறதுக்கு, எங்க போகணும்ங்கறதுக்கு இல்ல. குண்டு மேல பட்டா மேலன்னு எழுதின பக்கம் திருப்பினா கீழ வரும். ஸ்கோப் பழகினவன் இதைத் தொட்டா நேர் எதிரா திருப்பி அட்டையை விட்டே வெளிய போயிருவான். சந்தேகம்னா ஒரு பக்கம் அஞ்சு க்ளிக் திருப்பி ஒரு குரூப் சுட்டுப் பாத்துருங்க.

திருப்பினப்புறம் மறுபடி அஞ்சு குண்டு. ஒரு குண்டு பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க, இது வரைக்கும் சொன்னதெல்லாம் வீணாப் போயிரும். ரெண்டாவது தடவையிலயே கூட்டம் நடுவுக்கு வந்துரும், மிஞ்சிப் போனா மூணாவது.

11. குண்டு

ஒரே துப்பாக்கிக்கு ஒரு பெல்லட் பிடிக்கும், இன்னொண்ணு பிடிக்காது. தலை அகலம் 4.49லேருந்து 4.52 மில்லி வரைக்கும் வித்தியாசமா வரும். மூணு நாலு வகை வாங்கி ஒவ்வொண்ணுலயும் நாலு குரூப் சுட்டு எது சின்னதோ அதுல நில்லுங்க, விலை பாத்து முடிவு பண்ணாதீங்க. தட்டைத் தலை பெல்லட் காகிதத்துல சுத்தமா ஓட்டை போடும், எண்ண சுலபம்.

பாயின்ட் டூ டூல "ஹை வெலாசிட்டி"ன்னு டப்பாவுல பாத்தா ஆசை வரும். வேண்டாம். அது ஒலி வேகத்தைத் தாண்டிப் பொறப்படும், போற வழியிலயே ஒலி வேகத்துக்குக் கீழ இறங்கும், அந்த எல்லையைத் தாண்டற இடத்துல குண்டு தள்ளாடும். போட்டிக்குச் சுடறவங்க ஒலி வேகத்துக்குக் கீழயே பொறப்படற ஸ்டாண்டர்ட் வகையைத்தான் வெச்சுக்கறாங்க. பிராண்ட் மாத்தினா முதல் பத்து இருபது குண்டைக் கணக்குல எடுக்காதீங்க, குண்டு மேல பூசியிருக்கற மெழுகுல பழசு போய் புதுசு குழாய்க்குள்ள படியணும்.

12. காத்து

பத்து மீட்டர் ரேஞ்ச் உள்ளுக்குள்ள இருக்கும், கவலை இல்ல. அம்பது மீட்டர் வெட்டவெளி. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்போது 2.6 கிராம் குண்டு என்ன பண்ணும். மணிக்கு பதினாறு கிலோமீட்டர்ல பக்கவாட்டுல அடிச்சா குண்டு ரெண்டு சென்டிமீட்டர் சுமாருக்கு நகரும். அம்பது மீட்டர் குறியில பத்து வளையமே 10.4 மில்லிதான், அப்ப நடுவுல இருந்தது எட்டுக்குப் போயிரும்.

அதனால ஆடி மாசம் மத்தியானத்துல சீரோ பண்ணாதீங்க. காலையில ஏழு மணிக்கு, ரேஞ்சுல காத்து பாக்க வெச்சிருக்கற கொடி தொங்கிக்கிட்டு இருக்கறப்ப பண்ணுங்க. அதுக்கப்புறம் காத்துல சுடறப்ப சீரோவைத் தொடாம கொடி எப்படி இருக்கறப்ப சுட்டோம்னு பாத்து, அதே மாதிரி கொடி வர்ற வரைக்கும் காத்திருங்க. காத்து மாறிச்சுன்னா நிறுத்துங்க.

13. மழைக்காலம்

ஐப்பசி கார்த்திகையில நம்ம பக்கம் பீரோவுல இருக்கற வேட்டியே பூசணம் பிடிக்கும். துப்பாக்கியை அது வந்த ஸ்பாஞ்ச் பெட்டியிலயே மூடி வைக்காதீங்க, ஸ்பாஞ்ச் ஈரத்தை உறிஞ்சி இரும்பு மேலயே வெச்சுக்கும். வெளிய எடுத்து, துணியில லேசா துப்பாக்கி எண்ணெய் தொட்டு, வெளிப்பக்க இரும்பு முழுக்கத் துடைச்சு, கொழந்தைங்க கைக்கு எட்டாத பூட்டின அலமாரியில சிலிக்கா ஜெல் பையோட வைங்க. பெல்லட்டை வேற இடத்துல பூட்டுங்க.

ஸ்ப்ரிங் ஏர் கன்னுக்குள்ள தேங்காயெண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எதையும் ஊத்தாதீங்க. பிஸ்டன் காத்தை அழுத்தறப்ப அது சூடாகும், அந்தச் சூட்டுல எண்ணெய் டீசல் இன்ஜின் மாதிரி பத்திக்கும். சத்தம் பெருசா வரும், பையன் சந்தோஷப்படுவான், சீலும் ஸ்ப்ரிங்கும் போயிரும், குரூப்பும் போயிரும்.

எடுத்து சுடற அன்னிக்கு உலர்ந்த துணியை ஒரு தடவை குழாய்க்குள்ள விட்டு எடுத்துட்டு, முதல் அஞ்சாறு குண்டை தனி அட்டையில சுட்டுருங்க, எண்ணெய் இருந்த குழாயோட முதல் குண்டு எங்கயோ போகும். அந்த அட்டையை அளக்காதீங்க, அதைப் பாத்து க்ளிக் திருப்பாதீங்க. அதுக்கப்புறம் நோட்டுல தேதி, குண்டு டப்பா நம்பர், சைட்ல இருக்கற க்ளிக், காத்து எப்படி, நாலு குரூப்போட அளவுன்னு எழுதிட்டு அடுத்த வாரம் அந்தப் பக்கத்துலேருந்தே ஆரம்பிங்க.